பொறியின் நீளத்தை வைத்து வோல்ட்டை அளப்பது எப்படி? நிலைமின்சாரத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

கொசு பேட்டின் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். எதுவும் நடக்காது. வலைக் கம்பிகளுக்கு நடுவே ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வோல்ட் வரை நிற்கிறது, ஆனாலும் காற்று அசையாமல் இருக்கிறது. ஒரு கொசு உள்ளே நுழைந்தால் போதும், படார் என்று வெடிக்கிறது. கொசு எந்த மின்சாரத்தையும் கொண்டுவரவில்லை. அது தன் உடம்பால் இடைவெளியைச் சுருக்கியது, அவ்வளவுதான். நாலைந்து மில்லிமீட்டராக இருந்த காற்று மில்லிமீட்டரில் ஒரு பங்காகக் குறைந்ததும் அந்த வோல்ட்டால் தாண்ட முடிந்தது.

இவ்வளவு வோல்ட் இருந்தால் இவ்வளவு தூரம் தாண்டும் என்ற இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் பொறியின் நீளமே ஒரு வோல்ட்மீட்டராகிவிடும். கடையில் வாங்கும் மல்டிமீட்டரை ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. நிலைமின்சாரத்தின் பத்தாயிரம் வோல்ட்டில் அதை வைத்தால் மீட்டர் பழுதாகலாம். பழுதாகாவிட்டாலும் இருக்கிற கொஞ்ச மின்னூட்டத்தை மீட்டரே வடித்துவிடும், முள் அசைவதற்குள் அளக்க ஒன்றும் மிஞ்சாது. இரண்டு உலோகக் குமிழும் இரண்டு போல்ட்டும் இருந்தால் அந்தப் பத்தாயிரத்தை வீட்டு மேசையிலேயே அளக்கலாம். மாணவர்களோடு பல முறை செய்து பார்த்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

செய்யக் கூடாதவை

சுவர் பிளக்கின் மின்சாரம் இந்த வேலையில் எங்கும் வரக் கூடாது. எர்த் துளையைக்கூடத் தொட வேண்டாம். கொசு பேட்டைப் பிரித்து அதன் சர்க்யூட்டைப் பயன்படுத்தாதீர்கள். பழைய டிவி, மைக்ரோவேவ் அடுப்பு பக்கமே போக வேண்டாம், அவற்றில் மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும் மின்தேக்கிகள் ஆளைக் கொல்லக் கூடியவை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தள்ளி இருக்கட்டும். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், சானிடைசர், தின்னர் இருக்கும் அறையில் செய்யாதீர்கள். செல்போனையும் லேப்டாப்பையும் வேறு மேசையில் வையுங்கள்.

காற்று எப்படி உடைகிறது

காற்று நல்ல மின்காப்பு. ஆனால் அதில் எலக்ட்ரான்கள் அறவே இல்லாமல் இல்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும், மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சும் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் நொடிக்குச் சில எலக்ட்ரான்களை விடுவித்தபடியே இருக்கின்றன. அப்படி ஒன்று மின்புலத்தில் மாட்டினால் நேர்மின் பக்கம் ஓடத் தொடங்கும். ஆனால் அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓடுவதற்குள் ஏதாவது ஒரு மூலக்கூறில் இடித்துக்கொள்ளும்.

அந்த இடியில் மூலக்கூறிலிருந்து இன்னொரு எலக்ட்ரானைப் பெயர்க்க வேண்டுமானால் ஆக்சிஜனுக்கு 12 எலக்ட்ரான் வோல்ட்டும் நைட்ரஜனுக்கு 15.6 எலக்ட்ரான் வோல்ட்டும் ஆற்றல் வேண்டும் (ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடந்தால் பெறும் ஆற்றல்தான் எலக்ட்ரான் வோல்ட்). மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் என்ற வலுவான புலத்தில்கூட அரை மைக்ரான் ஓட்டத்தில் கிடைப்பது ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட்தான். அதனால் பெரும்பாலான இடிகளில் எதுவும் பெயராது. ஆற்றலை அதிகம் இழக்காமல் தப்பித் தப்பி வேகம் சேர்த்த சில எலக்ட்ரான்கள் மட்டும் புதிதாக ஒன்றைப் பெயர்க்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த ஜான் டவுன்சென்ட் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளக்கிய பெருக்கம் இது. பனிச்சரிவு என்பதுதான் இதற்குப் பெயர். ஒரு சரிவில் சுமார் பத்துக் கோடி எலக்ட்ரான்கள் சேர்ந்ததும் அவற்றின் சொந்த மின்புலமே வெளிப் புலத்துக்கு நிகராகிவிடும். அப்புறம் அந்தச் சரிவு தன் பாதையைத் தானே நீட்டிக்கொண்டு எதிர்ப் பக்கத்தைத் தொடும். தொட்டதும் அந்த மெல்லிய இழை பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகிறது. சுற்றியுள்ள காற்று சட்டென்று விரிவதால் ‘டிக்’ சத்தம் கேட்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெருகுவதற்கு ஓடுகளம் வேண்டும். இடைவெளி குறுகினால் இரட்டிப்பாகக் கிடைக்கும் வாய்ப்பும் குறையும், அதை ஈடுகட்ட புலம் இன்னும் வலுவாக இருக்க வேண்டும். இரண்டு, முதல் எலக்ட்ரான் இல்லாமல் எதுவும் தொடங்காது. அளக்கும்போது இந்த இரண்டாவது விஷயம் உங்களைப் படுத்தும்.

“மில்லிமீட்டருக்கு மூவாயிரம்” எங்கே சரி, எங்கே தவறு

பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கும்: காற்றை உடைக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட், அதாவது மில்லிமீட்டருக்கு 3,000. இது ஒரு சென்டிமீட்டர் அளவிலான இடைவெளிக்கு, தட்டையான அல்லது பெரிய உருண்டையான உலோகங்களுக்கு நடுவே, கடல்மட்டக் காற்றில் சரி. அதற்குக் கீழே போனால் இந்த வரி ஏமாற்றும். நம் விரலில் வரும் பொறிகளெல்லாம் அதற்குக் கீழேதான் இருக்கின்றன.

வில்லியம் தாம்சன், அதாவது பிற்பாடு கெல்வின் பிரபு ஆனவர், 1860இலேயே இதைக் கவனித்தார். இரண்டு தட்டுகளை நெருக்க நெருக்க, ஒரு மில்லிமீட்டருக்குத் தேவையான வோல்ட் கூடிக்கொண்டே போனது. 1870களில் வாரன் டி லா ரூவும் ஹியூகோ முல்லரும் 11,000 சில்வர் குளோரைடு செல்களை வரிசையாக இணைத்து, மின்கலத்தைக் கொண்டே பொறி தாண்டும் தூரத்தை அளந்தார்கள். ஒரு வோல்ட் செல்லைப் பதினொன்றாயிரம் முறை கையால் செய்து அடுக்கிய அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

வீட்டு அளவுக்குப் போதுமான ஒரு கணக்கு இது. இடைவெளியை மில்லிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிலோவோல்ட் = 2.42 × இடைவெளி + 1.92 × இடைவெளியின் வர்க்கமூலம்

போட்டுப் பார்த்தால்:

0.1 மி.மீ. – சுமார் 850 வோல்ட்
0.5 மி.மீ. – சுமார் 2,600
1 மி.மீ. – சுமார் 4,300
2 மி.மீ. – சுமார் 7,600
3 மி.மீ. – சுமார் 10,600
5 மி.மீ. – சுமார் 16,400
10 மி.மீ. – சுமார் 30,300

கடைசி வரியில் அந்தப் பாடப்புத்தக 3,000 வந்துவிட்டது. முதல் வரியில் பாருங்கள், மில்லிமீட்டருக்கு 8,500 என்ற கணக்கில் நிற்கிறது. கொசு பேட்டின் 2,000 வோல்ட் எவ்வளவு தூரம் தாண்டும் என்று இதே கணக்கில் போட்டால் 0.35 மி.மீ. வரும். கம்பிகளை ஏன் நாலைந்து மில்லிமீட்டர் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

இடைவெளியை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கணக்கு திரும்பிவிடும். ஃப்ரீட்ரிஷ் பாஷன் 1889இல் வெளியிட்ட விதிப்படி, தேவையான வோல்ட் இடைவெளியை மட்டும் பொறுத்ததில்லை, இடைவெளியையும் வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. அந்த வளைவரைக்கு ஓர் அடிமட்டம் உண்டு. காற்றில் அது சுமார் 330 வோல்ட். சாதாரணக் காற்றழுத்தத்தில் தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் அந்த அடிமட்டம் வருகிறது. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். சுவிட்சில் தெரியும் பொறி காற்றைத் தாண்டி வருவது இல்லை. தொட்டுக்கொண்டிருந்த இரண்டு உலோகங்கள் ஓடும் மின்னோட்டத்தோடு பிரிகையில் அது இழுபட்டு எரிகிறது. (தாண்டாது என்பதற்காக அது ஆபத்தில்லாதது ஆகிவிடாது. தொட்டால் ஆளைக் கொல்வது அந்த 230தான்.)

பாஷன் சொன்னதை டூவீலர் மெக்கானிக்குகள் தினமும் பார்க்கிறார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளியே வைத்து உதைத்தால் பொறி பளிச்சென்று வரும். திரும்ப மாட்டினால் வண்டி கிளம்பாது. வெளியே 0.8 மி.மீ. இடைவெளிக்கு 3,700 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தி அடர்த்தியை ஆறு மடங்காக்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 4.8 மி.மீ. இடைவெளிக்குச் சமம், கிட்டத்தட்ட 16,000 வோல்ட் வேண்டும். பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் பலவீனமாக இருந்தால் வெளியே ஜெயித்து உள்ளே தோற்கும். வெளியே பொறி வருவதை மட்டும் பார்த்துவிட்டு காயில் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இந்தக் கணக்கு செல்லாத இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கூர்முனை இருந்தால் புலம் முனையில் குவிந்துவிடும், மேலே சொன்ன வோல்ட்டில் பாதிக்கும் குறைவாக இருந்தாலே தாண்டும். மின்னல் இன்னொரு இடம். மேகம் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் 300 கோடி வோல்ட் என்று பெருக்கிச் சொல்பவர்கள் உண்டு. அது தவறு. மேகத்துக்குள் அளந்த புலங்கள் பொதுவாக மீட்டருக்கு ஒன்றிலிருந்து நான்கு லட்சம் வோல்ட் அளவில்தான் இருக்கின்றன. மின்னல் தன் பாதையைச் சூடாக்கி, துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே வருகிறது. மொத்தத் தூரத்தையும் அது ஒரே தாவலில் தாண்டுவதில்லை.

நாளையும் அறையையும் தேர்ந்தெடுங்கள்

ஈரக் காற்றில் நிலைமின் சோதனை தோற்பதற்குக் காரணம் ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்துவதுதான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அப்படி இல்லை. சீரான புலத்தில் நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட ஒரு துளி கூடுதலாகவே தாக்குப் பிடிக்கும். பிளாஸ்டிக், மரம், கண்ணாடி ஆகியவற்றின் மேற்பரப்பில் படியும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தில்தான் மின்னூட்டம் ஒழுகிப் போகிறது. காற்று உடைவதற்கு முன்பே சேமிப்பு காலியாகிவிடுகிறது. கோயம்புத்தூர் பக்கத்து நூற்பாலைகளில் காற்றின் ஈரப்பதத்தை ஐம்பது அறுபது சதவீதத்தில் நிறுத்தி வைக்கப் பாடுபடுவதில் இதற்கும் பங்கு உண்டு. இழையின் மேல் கொஞ்சம் ஈரம் இருந்தால் மின்னூட்டம் தங்காது, இழைகள் ஒன்றையொன்று தள்ளிப் பறக்காது, நூல் அறுவது குறையும்.

சென்னையில் வளர்ந்தவர்கள் கதவுக் கைப்பிடியில் சுரீர் என்று வாங்கிய அனுபவமே இல்லாமல் இருப்பார்கள். அவர்களே டெல்லியின் ஜனவரியிலோ டொரொன்டோவின் ஹீட்டர் போட்ட அறையிலோ போய் இறங்கினால் தொட்டதெல்லாம் குத்தும். பழக்க வழக்கம் மாறவில்லை, தோலின் மேலும் தரையின் மேலும் இருந்த அந்த நீர்ப்படலம்தான் போய்விட்டது.

ஆகவே சோதனைக்குக் கடலோர ஊர்களில் ஏசி ஒரு மணி நேரமாவது ஓடிய அறை வேண்டும். மதுரை, கரூர், திருச்சி போன்ற ஊர்களில் மார்ச்சிலிருந்து மே வரை மதியம் இரண்டு மணிக்குமேல் ஏசியே தேவைப்படாது. எல்லாப் பிளாஸ்டிக் பாகங்களையும் ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள். கையால் தொட்ட இடங்களில் வியர்வை உப்பு ஒட்டியிருக்கும், அதை முதலில் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

முதல் வேலை: மின்னூட்டம் கொடுக்கும் தட்டு

இதற்கு எலக்ட்ரோஃபோரஸ் என்று பெயர். ஸ்வீடனின் யோஹான் வில்கே 1762இல் செய்தார். 1775இல் வோல்டா அதைச் சீராக்கி, பெயரும் வைத்துப் பிரபலமாக்கினார். செய்ய இரண்டே பொருள்.

ஒன்று, தெர்மாகோல் பலகை அல்லது பிவிசி ஷீட், தட்டைவிட ஐந்து சென்டிமீட்டராவது அகலமாக. இன்னொன்று, அடி தட்டையான எவர்சில்வர் தட்டு, சுமார் 20 செ.மீ. விட்டம். எவர்சில்வர் தட்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதன் விளிம்பை உருட்டி மடித்திருப்பார்கள். வெட்டிய அலுமினியத் தகட்டின் கூரான விளிம்பில் மின்னூட்டம் ஒழுகிவிடும், இதில் ஒழுகாது. தட்டின் நடுவே உயரமான பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து ஹாட் குளூவால் ஒட்டுங்கள். அதுதான் கைப்பிடி.

பலகையைக் கம்பளித் துணியால் முப்பது நொடி விடாமல் தேயுங்கள். பலகை எதிர்மின்னூட்டம் பெறும். டம்ளரைப் பிடித்துத் தட்டை அதன் மேல் வையுங்கள். விரலால் தட்டை ஒரு முறை தொடுங்கள், சின்னதாக ஒரு குத்து இருக்கும். தட்டிலிருந்த எலக்ட்ரான்களில் கொஞ்சம் உங்கள் வழியாக விலகிப் போயின. விரலை எடுத்துவிட்டு, டம்ளரைப் பிடித்துத் தட்டைத் தூக்குங்கள். இப்போது தட்டில் நேர்மின்னூட்டம் இருக்கிறது. பலகையின் மின்னூட்டம் செலவாகவில்லை, அதனால் இதையே மறுபடி மறுபடி செய்யலாம். ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். பலகையும் தட்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்க, அந்த இழுப்பை எதிர்த்துத் தட்டைத் தூக்கியது உங்கள் கை. அந்த வேலைதான் பொறியாக வருகிறது.

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்ததும் குத்துவதும் இதே கதைதான். உட்கார்ந்திருக்கும்போது மின்னூட்டம் பிரிந்திருந்தாலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒட்டியே இருப்பதால் வோல்ட் குறைவாக இருக்கும். எழுந்து விலகும்போது அது கிடுகிடுவென்று ஏறும்.

இரண்டாவது வேலை: பொறி இடைவெளி

பழைய பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா ஒன்று, 25 மி.மீ. விட்டமுள்ள பித்தளை அல்லது எவர்சில்வர் உருண்டைக் குமிழ் இரண்டு, எம் 6 போல்ட் இரண்டு, நட்டுகள், கொஞ்சம் எம்சீல். குமிழில் எம் 6 மரை இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்தால் வெட்டித் தருவார்கள்.

எம் 6 போல்ட்டை வேண்டுமென்றே சொல்கிறேன். அதன் மரை இடைவெளி சரியாக 1 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர், கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். தனியாக மைக்ரோமீட்டர் வாங்க வேண்டாம், போல்ட்டே மைக்ரோமீட்டர்.

டப்பாவின் எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே உயரத்தில் துளையிட்டு, குமிழ்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி போல்ட்டுகளைப் பொருத்துங்கள். இடது போல்ட்டை இரண்டு பக்கமும் நட் போட்டு இறுக்கிவிடுங்கள். வெளியே நீட்டும் முனையில் உருண்டைத் தலையுள்ள டோம் நட்டை மாட்டினால் அங்கே மின்னூட்டம் ஒழுகாது. வலது பக்கத் துளையில் ஒரு நட்டை எம்சீலால் ஒட்டிக் காயவிட்டு, போல்ட்டை அதற்குள் திருகுங்கள். இந்தப் பக்கம்தான் சுற்றும் பக்கம். போல்ட் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் சுற்று எண்ண எளிது.

உயர் மின்னழுத்த ஆய்வகங்களில் உருண்டை இடைவெளி என்பது ஏற்கப்பட்ட அளவுமுறை, அதற்குச் சர்வதேசத் தரமே உண்டு. அதன் முக்கிய விதி: இடைவெளி உருண்டையின் விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புலம் சீராக இருக்காது. 25 மி.மீ. குமிழுக்கு 12 மி.மீ. எல்லை. எட்டுக்குள் நிறுத்திக்கொண்டால் நம் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

மூன்றாவது வேலை: மாத்திரை டப்பா மின்தேக்கி

தட்டை நேராகக் குமிழில் தொட்டு அளக்கக் கூடாதா? கூடாது. 20 செ.மீ. தட்டின் மின்தேக்குத்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கும் என்ற அளவு, ஏழு பிக்கோஃபாரட்தான். குமிழும் போல்ட்டும் சேர்ந்து இன்னும் சில பிக்கோஃபாரட் வைத்திருக்கும். தொட்டதுமே மின்னூட்டம் பங்கு போய், வோல்ட் பாதியாகிவிடும். எதை அளந்தோம் என்றே தெரியாது. கொஞ்சம் பெரிய பாத்திரத்தில் சிறுகச் சிறுக ஊற்றி, எப்போது வழிகிறது என்று பார்ப்பதுதான் ஒழுங்கான முறை. 1745–46இல் வந்த லெய்டன் ஜாடியின் குட்டி வடிவம் அந்தப் பாத்திரம்.

மூன்று செ.மீ. விட்டமும் ஐந்து செ.மீ.க்கு மேல் உயரமும் உள்ள பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவின் உள்ளேயும் வெளியேயும் அலுமினியத் தாளை ஒட்டுங்கள். மேலே ஒன்றரை செ.மீ. தாள் ஒட்டாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் பொறி விளிம்பைத் தாண்டி வழியும். சுவர் ஒன்றரை மி.மீ. தடிமன் இருந்தால் சுமார் 60 பிக்கோஃபாரட் கிடைக்கும். உள்தாளிலிருந்து ஒரு கம்பி இடது போல்ட்டுக்கு, வெளித்தாளிலிருந்து ஒரு கம்பி வலது போல்ட்டுக்கு. பெரிய பாட்டிலில் செய்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். 60 பிக்கோஃபாரட்டில் பத்தாயிரம் வோல்ட் என்றால் 3 மில்லிஜூல், கதவுக் கைப்பிடிக் குத்து அளவுதான். பாட்டில் பெரிதாக ஆகக் குத்தும் பெரிதாகும்.

நான்காவது வேலை: அளப்பது

குமிழ்களைப் பஞ்சு இழை ஒட்டாத துணியால் துடையுங்கள். ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் அது கூர்முனைபோல வேலை செய்து முன்கூட்டியே பொறி கிளப்பும். வலது போல்ட்டைத் திருகிக் குமிழ்கள் மெல்லத் தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், அது பூஜ்யம். ஒரு முழுச் சுற்று பின்னால். இப்போது இடைவெளி 1 மி.மீ.

ஒரு கை எப்போதும் வலது போல்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். மறு கையால் தட்டை மின்னூட்டி இடது டோம் நட்டில் தொடுங்கள். பலகைக்குத் திரும்பி, தட்டை வைத்து, விரலால் தொட்டு, தூக்கி, மறுபடி. எண்ணிக்கொண்டே செய்யுங்கள். நல்ல உலர்ந்த நாளில் ஒவ்வொரு தொடுதலும் மாத்திரை டப்பாவை ஆயிரம் வோல்ட் அளவில் ஏற்றும். நான்காவது, ஐந்தாவது தொடுதலில் குமிழ்களுக்கு நடுவே ‘டிக்’. அந்தக் கணத்தில் டப்பாவில் இருந்தது சுமார் 4,300 வோல்ட்.

முதல் ஐந்தாறு பொறிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவை குமிழின் மேலிருக்கும் தூசியை எரித்துச் சுத்தம் செய்யும். அப்புறம் ஒவ்வொரு இடைவெளிக்கும் பத்து முறை அளந்து, நடுவில் வரும் எண்ணை எடுங்கள். ஒன்றரை, இரண்டு, மூன்று மி.மீ. என்று போகும்போது, தொடுதல்களின் எண்ணிக்கை கூடுவதோடு, ஒவ்வொரு தொடுதலும் முன்னதைவிடக் குறைவாகவே சேர்க்கிறது என்பதும் தெரியவரும். டப்பாவின் வோல்ட் தட்டின் வோல்ட்டை நெருங்க நெருங்க, கொடுப்பதற்குத் தட்டில் மிச்சம் இருக்காது. ஓர் இடைவெளிக்கு மேல் எத்தனை முறை தொட்டாலும் பொறி வராது. கடைசியாகப் பொறி வந்த இடைவெளியைக் கணக்கில் போட்டால், உங்கள் தட்டால் ஏற்ற முடிந்த உச்ச வோல்ட் கிடைத்துவிடும்.

இடைவெளியைத் திருகுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மாத்திரை டப்பாவின் மின்னூட்டத்தைக் காலி செய்யுங்கள். பிளாஸ்டிக் பிடி போட்ட கம்பியால் இரண்டு போல்ட்டையும் ஒருசேரத் தொட்டால் போதும்.

ஒரே இடைவெளியில் ஒரு முறை நாலாவது தொடுதலிலும் இன்னொரு முறை ஆறாவதிலும் பொறி வந்தால் கை தவறிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் எலக்ட்ரான் சரியான இடத்தில் பிறப்பதற்காகக் குமிழ்கள் காத்திருக்கின்றன. கார்ல்ஸ்ரூவில் 1887இல் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் இதைத்தான் கவனித்தார். பக்கத்தில் எரியும் இன்னொரு பொறியின் புறஊதா ஒளி பட்டால் அவருடைய இடைவெளி எளிதாகத் தாண்டியது. நடுவே கண்ணாடியை வைத்தால் அந்த உதவி நின்றது. உலோகத்திலிருந்து ஒளி எலக்ட்ரானைப் பெயர்க்கும் ஒளிமின் விளைவு உலகுக்கு முதலில் தெரியவந்தது இப்படித்தான். இன்றும் 50 கிலோவோல்ட்டுக்குக் கீழே உருண்டை இடைவெளியால் துல்லியமாக அளக்க, அதன் மேல் கதிர்வீச்சோ புறஊதாவோ படும்படி வைக்கச் சொல்கிறார்கள். நாம் வீட்டில் பத்து முறை அளந்து நடு எண்ணை எடுத்தால் போதும்.

விரும்பினால் இடது குமிழில் ஒரு தையல் ஊசியை, முனை வலது குமிழைப் பார்க்கும்படி, செல்லோடேப்பால் ஒட்டிப் பாருங்கள். இருபது முறை தொட்டாலும் பொறி வராமலே போகலாம், வோல்ட் ஏறுவதற்குள் முனை வழியே மின்னூட்டம் ஒழுகிவிடும். விளக்கை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தால் மெல்லிய சீறல் கேட்கும், ஊசிமுனையில் மங்கலாக ஊதா நிறம் தெரியும்.

ஐந்தாவது வேலை: உங்கள் உடம்பை அளப்பது

மாத்திரை டப்பாவைக் கழற்றிவிடுங்கள். உங்கள் உடம்பே 100 முதல் 200 பிக்கோஃபாரட் மின்தேக்கி, குமிழ் திருடும் சில பிக்கோஃபாரட் பெரிதாகத் தெரியாது. வலது போல்ட்டிலிருந்து ஒரு கம்பியை உலோகத் தண்ணீர்க் குழாய்க்குக் கொண்டுபோங்கள். இடைவெளி 1 மி.மீ. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் நைலான் துணி விரித்து உட்கார்ந்து தேய்த்து, எதையும் தொடாமல் எழுந்து, கையில் சாவியைப் பிடித்து இடது நட்டைத் தொடுங்கள். குமிழ்களுக்கு நடுவே பொறி வந்தால் நீங்கள் 4,300 வோல்ட்டுக்கு மேல் இருந்தீர்கள். இரண்டு மி.மீ.யிலும் வந்தால் 7,600க்கு மேல். சாவியைப் பிடிப்பது வலிக்காமல் இருக்க. பொறி விரலின் ஒரு புள்ளியைத் துளைக்காமல், மின்னோட்டம் உள்ளங்கை முழுக்கப் பரவிப் போகும். டெல்லியிலோ கனடாவிலோ இருப்பவர்கள் தினப்படி கதவைத் திறக்கவும் இதையே செய்யலாம்.

பொதுவாக 2,000–3,000 வோல்ட்டுக்குக் கீழே பொறி வந்தாலும் நமக்கு உறைப்பதில்லை. கம்ப்யூட்டரின் ரேம், ப்ராசஸர் போன்ற சில்லுகளில் சில நூறு வோல்ட்டுக்கும் தாங்காதவை உண்டு. எனக்கு ஷாக் அடிக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டே ஒரு சில்லைக் கொன்றுவிட முடியும். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டச் சொல்வது அதனால்தான்.

வோல்ட் பயப்பட வேண்டிய எண் அல்ல

பத்தாயிரம் வோல்ட் என்றதும் மிரள வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது ஆற்றலை. மின்தேக்குத்திறனை வோல்ட்டின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் அது வரும். 150 பிக்கோஃபாரட் உடம்பில் 4,300 வோல்ட் என்றால் 1.4 மில்லிஜூல். 10,600 என்றால் 8.4 மில்லிஜூல். ஆளை ஒன்றும் செய்யாது.

ஆனால் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவை சுமார் 0.2 மில்லிஜூல். சமையல் வாயுவுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. ஹைட்ரஜனுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். கணக்கை மட்டும் பார்த்தால் 1,600 வோல்ட்டில், நமக்கே உறைக்காத பொறியில், பெட்ரோல் பற்ற வேண்டும். நடைமுறையில் அவ்வளவு மோசமில்லை. 1,600 வோல்ட் தாண்டும் இடைவெளி கால் மில்லிமீட்டர்தான், அங்கே பிறக்கும் சுடரின் சூட்டை இரு பக்க உலோகமும் உறிஞ்சி அணைத்துவிடும். சுடர் பிழைக்க இரண்டு மில்லிமீட்டர் அளவு இடம் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தாண்டும் பொறியில், மேலே உள்ள கணக்குப்படி, 4 மில்லிஜூல் இருக்கும், தேவையைப்போல இருபது மடங்கு. ஆகவே கேஸ் கசிவு வாசம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் இருப்பது போலவே, நைலான் புடவை உரச அவசரமாக ஓடுவதையும் தவிர்க்க வேண்டும். பெட்ரோல் போடும் நேரத்தில் காரை விட்டு இறங்கினால் கதவின் உலோகத்தைப் பிடித்தபடியே இறங்குங்கள். வெடிமருந்து கையாளும் பட்டாசு ஆலைகளில் பருத்தி உடையும், உள்ளே நுழையும்போது தொட்டுவிட்டுப் போக எர்த் செய்த உலோகத் தகடும் கேட்பது இதற்காகத்தான்.

ஊருக்கு ஏற்ற திருத்தம்

காற்றின் அடர்த்தி குறைந்தால் வோல்ட்டும் குறையும். மேலே கொடுத்த கணக்கு கடல்மட்டத்துக்கும் 20 டிகிரிக்கும். அளவைத் திருத்த, காற்றழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் எடுத்து 2.89ஆல் பெருக்கி, வெப்பநிலையோடு 273 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணை வோல்ட்டோடு பெருக்கினால் நம் தேவைக்குப் போதும். சென்னையில் 101 கிலோபாஸ்கல், 32 டிகிரி என்றால் 0.96 வரும், விட்டுவிடலாம். ஊட்டியில் 77 கிலோபாஸ்கல், 15 டிகிரி என்றால் 0.77. சென்னையில் 2 மி.மீ. தாண்ட 7,200 வோல்ட் கேட்ட அதே டப்பா, அங்கே 5,800லேயே வெடிக்கும். விடுமுறைக்கு மலை ஏறும்போது டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போய், தொடுதல்களை எண்ணிப் பாருங்கள். மழை இல்லாத ஜனவரி, பிப்ரவரி மதியமாக இருந்தால் நல்லது.